வஜ்ரமா, இமல்ஷனா? வாடகைப் படுதா வைத்திருப்பவரின் நீண்ட நாள் அனுபவம்

காடா என்கிற முரட்டுப் பருத்தித் துணியில் வஜ்ரப் பசையில் வண்ணம் கரைத்து எழுதிய படுதா (மேடைக்குப் பின்னால் கட்டுகிற ஓவியத் திரை), அதே காடாவில் சுவருக்குப் பூசுகிற இமல்ஷன் பெயிண்டில் எழுதியது, பாலியஸ்டர் துணியில் அச்சடித்தது, அப்புறம் பிளைவுட் தட்டி. இந்த நாலு வகையும் பாளையங்கோட்டையில் எங்கள் ஷெட்டில் உண்டு. கோயில் கொடை விழாவுக்கு நாடகம் போடுகிறவர்கள், குறும்படம் எடுக்கிற பையன்கள், டிவி நிகழ்ச்சிக்காரர்கள், அம்பாசமுத்திரம், பாபநாசம், குற்றாலம் பக்கம் வந்து இறங்குகிற சினிமா யூனிட் என்று எல்லாருக்கும் வாடகைக்குப் போகும், வரும். போன மாதிரியே திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. கிழிசல், தண்ணீர்க் கறை, டீக் கறை, ஆணி அடித்த ஓட்டை, யாரோ சாய்ந்து உட்கார்ந்ததில் பிடித்த தலை எண்ணெய். அதனால் எழுதி முடித்த அன்று ஒரு படுதா எவ்வளவு அழகாக இருந்தது என்பது எனக்கு இரண்டாம்பட்சம். பல தடவை அடிபட்டு வந்தபிறகும் பழுதுபார்க்க இடம் கொடுக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

முதலில் வஜ்ரம். பழைய நாடகக் கம்பெனிப் படுதாக்கள் எல்லாம் இந்த வகைதான். வஜ்ரத்தை ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டுவிட வேண்டும். காலையில் வெந்நீர் உள்ள பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை இறக்கி உருக்க வேண்டும். நேராக அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டால் பசையின் பிடிப்பு போய்விடும், நாற்றமும் தெருக்கோடி வரை போகும். அந்தப் பசைத் தண்ணீரில் சாக்குத்தூள் (சாக்பீஸ் மாதிரி வெள்ளைப் பொடி), காவி, மஞ்சள் காவி, நீலம், கரி என்று பொடி வண்ணங்களைக் கரைத்து எழுதுவார்கள். பசை கூடினால் காய்ந்தபின் பளபளக்கும், வெடிக்கும், துணியையே சுருட்டி இழுக்கும். குறைந்தால் தொட்ட கையில் பொடி ஒட்டும். கறுப்புத் துணியால் ஒரு ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் எழுதியவர் பசையில் கை சுருக்கினாரா இல்லையா என்று தெரிந்துவிடும்.

நெல்லைச் சீமைக்கு இது புது வேலை இல்லை. நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதிக்கொண்டிருந்த கொண்டைய ராஜு, கம்பெனி கலைந்தபிறகு கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய சாமி படங்கள்தான் பிற்பாடு காலண்டர்களாக வீடுவீடாகத் தொங்கின. (கோவில்பட்டி 1986 வரை திருநெல்வேலி மாவட்டம்தான், நாம் தாராளமாக உரிமை கொண்டாடலாம்.) அந்தக் காலண்டர் சாமிகளுக்குப் பின்னால் இருக்கிற மேகத்தையும் தூரத்து மலையையும் தூண் வரிசையையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், படுதா எழுதிப் பழகிய கை தெரியும். தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன், மயான சீன் என்று பெயர் சொல்லிக் கேட்டு வருகிற நாடகக்காரர்கள் இன்றைக்கும் அந்தச் சாயலைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

வஜ்ரப் படுதாவில் எனக்குப் பிடித்தது, எவ்வளவு விளக்கு போட்டாலும் மினுங்காது. கேமராவுக்கு அது பெரிய சௌகரியம். இன்னொன்று, ஈரம் காட்டினால் வண்ணம் மறுபடி இளகும். மேகத்தின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால் நனைத்த ஸ்பாஞ்சால் சுற்றிலும் லேசாக ஒற்றி, பக்கத்து வண்ணத்தையே இழுத்து மூடிவிடலாம், ஒட்டுப் போட்டது தெரியாது. ஆனால் அந்த இளகும் குணமே அதற்கு எமன். ஆனி, ஆடியில் தென்காசி, குற்றாலம் பக்கம் வெளியில் கட்டினால் பெரிய மழையே வேண்டாம், சாரல் போதும்.

சாரல் பட்டுக் காய்ந்த இடத்தில் நடுவில் வெளுத்து, ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் நிற்கும். அந்த வளையத்தின் மேல் மட்டும் வண்ணம் பூசினால் அன்றைக்கு மறையும், காய்ந்ததும் மறுபடி எட்டிப் பார்க்கும். கரைந்த பசையும் அழுக்கும் ஈரத்தோடு நகர்ந்து, ஈரம் எங்கே நின்றதோ அங்கே போய்ச் சேர்வதால் வருகிற கோடு அது. எனவே ஈரத்தின் எல்லையை நாம் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். படுதாவை முகம் கீழாகச் சுத்தமான துணிமேல் விரித்து, கறை இருக்கிற துணி அகலத்தை மட்டும் (பல அகலங்களைச் சேர்த்துத் தைத்ததுதான் படுதா) ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை பின்பக்கமாக நனைப்போம். செடிக்கு மருந்து அடிக்கிற கைப்பம்பை மிக நுணுக்கமான தூறலுக்கு வைத்து, துணி கறுக்கிற அளவுக்கு மட்டும் அடிப்போம், தண்ணீர் தேங்கக் கூடாது. வண்ணம் இளகி ஒரே சீராகப் படியும். மிச்சக் கோடு தையலோரம் போய் ஒதுங்கும், அங்கே யார் கண்ணுக்கும் படாது. நிழலில், படுத்த வாக்கிலேயே காய வேண்டும். தொங்கவிட்டால் எல்லாம் அடியில் இறங்கிவிடும். அதற்கும் மசியாத பழுப்புக்கு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிசாக ஒரு கை தடவி, அதன்மேல் வண்ணம். அரக்கு தடவிய இடம் மினுங்கும் என்பதால் மேலே பூசும் வண்ணத்தில் சாக்குத்தூள் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

பூச்சி விஷயம் சொல்லவே வேண்டாம். வஜ்ரம் மாட்டுத் தோல், எலும்பிலிருந்து வருவது. பூஞ்சைக்கும் கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அது விருந்து. ஐப்பசி, கார்த்திகையில் சுருளைத் திறந்து காற்றாட விடாவிட்டால் தை மாதம் திறக்கும்போது வானம் பூராவும் சாம்பல் புள்ளி. வசம்பு, காய்ந்த வேப்பிலை, பாச்சா உருண்டை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. பூச்சியை ஓரளவு விரட்டும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. அதற்குக் காற்றுதான். துடைக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இமல்ஷன் படுதாவுக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது, தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தது. எங்கள் ஷெட்டில் அடித்தட்டில் கிடந்தவை சேற்றுத் தண்ணீரில் ஊறின. இமல்ஷனில் எழுதியவற்றைச் சேறு காய்வதற்குள் தரையில் விரித்து, ஹோஸ் பிடித்துக் கழுவி, கொடியில் போட்டோம். ஓரங்களில் துணி கொஞ்சம் சுருங்கியது, அவ்வளவுதான், பொங்கலுக்கு வாடகைக்கே போய்விட்டன. பக்கத்தில் கிடந்த வஜ்ரத் தர்பார் சீனில் தூணும் சிம்மாசனமும் ஒன்றாகக் கலந்து சேற்று நிறத்தில் நின்றன. அதை முழுக்கக் கழுவி வெறும் காடாவாக்கி, ஒட்டுப் போடுவதற்கு வைத்திருக்கிறோம்.

அதற்காக இமல்ஷனைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அது துணிமேல் ஒரு தோலாகப் படிகிறது. மடித்தால் மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு விழும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் சுருட்டிக் கிடந்தால் இளகி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது மலையிலிருந்து ஒரு துண்டு வானத்துக்குப் போய்விடும். எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி, பூசியதை இளக்கவே முடியாது, மேலே மேலே பூசத்தான் முடியும். ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு பூச்சு ஏறி, நாளடைவில் துணி அப்பளம் மாதிரி விறைத்துப்போகிறது. பக்கவாட்டில் விளக்கு வைத்தால் ஒட்டுப் போட்ட இடம் மட்டும் தனியாக மினுங்கும். கடையில் கேட்டு வாங்கும்போதே ‘மேட்’ (மினுங்காதது) என்று சொல்லி வாங்குங்கள், தண்ணீர் விட்டு மெல்லிசாக இரண்டு கை பூசுங்கள். ஒரே கையில் மூட நினைக்க வேண்டாம்.

நிறம் சேர்ப்பதில் இரண்டும் எதிரெதிர். வஜ்ர வண்ணம் ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிந்து, காய்ந்தால் வெளுக்கும். இமல்ஷன் காய்ந்தால் ஒரு படி கூடும். அதனால் கலந்ததைத் துண்டுக் காடாவில் தடவி, முழுக்கக் காயவிட்டு, படுதாமேல் வைத்துப் பார்க்காமல் கை வைப்பதில்லை. அதையும் எந்த விளக்கில் படம் எடுக்கப் போகிறார்களோ அந்த விளக்கில் பார்க்க வேண்டும். வாசல் வெயிலில் அச்சு அசலாகச் சேர்ந்த காவி, எல்.இ.டி. விளக்கில் தனியாகப் பிரிந்து தெரிவது சர்வ சாதாரணம்.

கிழிசல் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடகைக்கு எடுக்கிறவர்கள் நல்லெண்ணத்தில் செய்கிற கெடுதல் இதில்தான் அதிகம். செலோ டேப்பை ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். டேப்பின் பசை வெயிலில் உருகித் துணிக்குள் இறங்கிப் பழுப்பாகும், அப்புறம் அந்த இடத்தில் எந்த வண்ணமும் பிடிக்காது. கிழிந்தால் கிழிந்தபடியே கொண்டுவாருங்கள், அதுதான் எங்களுக்கு உதவி. முகத்தைக் கவிழ்த்துப் போட்டு, பிரிந்த நூல்களை ஊசி முனையால் ஒவ்வொன்றாக அதனதன் இடத்துக்கு நகர்த்திச் சேர்ப்போம். ஒட்டுத் துண்டு பழைய, பலமுறை துவைத்த காடாவாக இருக்க வேண்டும். புதுத் துணி பின்னால் சுருங்கி முகத்தில் சுருக்கம் காட்டும். துண்டின் நான்கு ஓரத்திலும் சில இழைகளை உருவிவிட்டால் ஓரம் குஞ்சம்போல மெலியும், முன்பக்கம் சதுரமாக அச்சு விழாது. துண்டின் பாவும் ஊடும் (நெடுக்கு, குறுக்கு இழைகள்) படுதாவின் திசைக்கே இருக்கட்டும். பசையைத் துண்டில்தான் தடவ வேண்டும், படுதாவில் இல்லை. வஜ்ரப் படுதாவுக்குக் கெட்டியான வஜ்ரம், இமல்ஷனுக்கு மரவேலை வெள்ளைப் பசை. மேலே பட்டர் பேப்பர், அதற்கு மேல் பலகை, அதற்கு மேல் செங்கல். மறுநாள் வரை தொடக் கூடாது.

ஷூட்டிங் நடுவில் பழுதுபார்ப்பது தனி வேலை. நாடகக்காரருக்குப் புதுசு மாதிரி இருந்தால் சந்தோஷம். சினிமாவுக்கு நேற்று இருந்த மாதிரி இருந்தாக வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தெருவாக எங்கள் படுதாவை ஒரு யூனிட் கட்டியிருந்தது. மூலையில் ஒரு அழுக்கு. நான் ஸ்பாஞ்சை எடுத்ததும் கலை இயக்குநரின் உதவியாளர் ஓடி வந்தார். “அண்ணாச்சி, அதைத் தொட்றாதீங்க. நேத்து எடுத்த ஷாட்ல அந்தக் கறை இருக்கு. நீங்க தொடைச்சா எங்க கதை கந்தலாயிரும்.” “அப்போ அந்தக் கிழிசலு?” “அது ராத்திரி கிழிஞ்சது, அதை மட்டும் மூடுங்க.”

அன்றிலிருந்து, கை வைப்பதற்கு முன் அந்த விளக்கிலேயே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஒட்டுப் போட்ட இடம் பளிச்சென்று தெரிந்தால் அதற்கு வயது கூட்ட வேண்டும். ஆறிய டீ டிகாக்‌ஷன் ஒரு வழி. சுவருக்கு அடியில் மழை தெறித்த செம்மண் கறை காட்ட, திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண்ணைச் சலித்து வைத்திருக்கிறோம். வறண்ட பிரஷ்ஷில் தொட்டுக் கீழிருந்து மேலாகத் தட்டினால் நம்மூர்ச் சுவர் அப்படியே வந்துவிடும். எந்தக் கடைப் பொடியும் அந்த நிறத்துக்குப் பக்கத்தில் வராது.

மற்ற இரண்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பிளைவுட் தட்டியில் மூலைதான் முதலில் போகும், அடி விளிம்புக்கு எழுதும்போதே ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் ஈரம் ஏறாது. அதன்மேல் ஒட்டுகிற தர்மாகோல் சிற்பத்துக்கு ஸ்பிரே பெயிண்டைக் காட்டாதீர்கள், கரைந்து குழி விழும். பாலியஸ்டர் அச்சுப் படுதா இலேசானது, கசங்காது, மழைக்குப் பயமில்லை. ஆனால் கீறினால் பூசிச் சரிசெய்ய வழியில்லை, புதிதாக அச்சடிக்கத்தான் வேண்டும். அதை நான் சாமான் கணக்கில்தான் வைத்திருக்கிறேன், படுதாக் கணக்கில் இல்லை.

பத்திரப்படுத்துவதில் ஒன்றைச் சொல்கிறேன், பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சுருட்டும்போது எழுதிய முகம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் வைத்தால் வண்ணம் நசுங்கி மடிப்பு விழும், விரிக்கும்போது உதிரும். ஆறு அங்குல பிவிசி குழாய்மேல் சுருட்டி, இடையில் பழைய வேட்டித் துணி கொடுத்து, தரையில் படாமல் தாங்கலில் வைக்கிறோம். வெளிமுகம் அழுக்காகாமல் இருக்க மேலே ஒரு துணி உறை, அதில் படுதாவின் போட்டோ. எது எங்கே என்று தேடிப் பத்துச் சுருளை உருட்டுவதில் ஆகிற சேதம் ஷூட்டிங்கில்கூட ஆவதில்லை.

கொடை மேடையில் சூடமும் தீப்பந்தமும் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் காடாப் படுதாக்களின் பின்பக்கம் வெண்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரை அடித்துவைக்கிறோம், எடைக்கு 7 பங்கு வெண்காரம், 3 பங்கு போரிக் அமிலம். தீயே பிடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம், பரவுவது மட்டுப்படும். தண்ணீரில் கரைகிற உப்பு அது. ஒருமுறை நன்றாக நனைந்த துணியில் அது போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு மறுபடி அடிக்க வேண்டும். வஜ்ரப் படுதாவுக்கு இதையும் தூறலாகத்தான், இல்லையென்றால் மேலே சொன்ன வளையக் கதை இங்கேயும் வரும்.

இப்போது புதிதாக எழுதக் கொடுக்கும்போது வானம், தூரத்து மலை, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற தெரு இதெல்லாம் வஜ்ரம். கேமரா நெருங்கிப் பார்க்கிற மென்மை அதில்தான் வருகிறது, பழுதும் தெரியாமல் போகிறது. கோட்டைச் சுவர், கோயில் தூண், கடைவீதி என்று ஆட்கள் உரசிக்கொண்டு நிற்கிற சீன்களுக்கு மேட் இமல்ஷன். வஜ்ரப் படுதாவைத் திறந்தவெளிக்குக் கேட்டால் மாதத்தைப் பார்த்துத்தான் பதில். மாசி முதல் சித்திரை வரை கூரை இல்லாத கொடை மேடைக்கும் கொடுப்போம். ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்துக்குக் கூடுதல் வாடகை தருகிறேன் என்றாலும் இமல்ஷன்தான். முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பது, சுருளை முழுக்க விரித்துப் பார்த்த பிறகு.