ஏ.ஐ. பாடம்: பொதுத்தாளா, துறைப் பாடத்துக்குள்ளேயா?

சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30. அப்போது பள்ளியில் இருந்த பிள்ளைகள்தான் இன்று நம் கலை அறிவியல் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அதைப் பயன்படுத்த அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது எப்படி வேலை செய்கிறது, யார் உழைப்பில் நிற்கிறது, எந்த இடத்தில் ஏமாற்றும் என்பதைத்தான் சொல்லித்தர வேண்டும். எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரு தாள் வைப்பது ஒரு வழி. அந்தந்தத் துறை ஆசிரியரே தன் பாடத்தோடு சேர்த்து நடத்துவது இன்னொரு வழி. ஒருநாள் பயிலரங்குகளும் நடக்கின்றன; இவ்வளவையும் ஒரு நாளில் சொல்ல முடியாது என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

பொதுத்தாளில் எதுவும் விட்டுப்போகாது. சாட்ஜிபிடிக்குள் இயங்கும் மொழி மாதிரி (லாங்குவேஜ் மாடல்) அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கிறது, உண்மையைச் சரிபார்ப்பதில்லை என்ற அடிப்படையிலிருந்து வரிசையாகத் தொடங்கலாம். சாட்ஜிபிடியின் பேச்சில் வக்கிரம் வராமல் இருக்க, கென்யாவில் மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலிக்குச் சிலர் நாள்முழுதும் கொடூரமான பகுதிகளைப் படித்து வகைப்படுத்தினார்கள் என்று 2023 ஜனவரியில் டைம் இதழ் எழுதியது. அதே ஆண்டு ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஏ.ஐ.க்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. இவை எந்தத் துறையின் பாடத்திலும் தாமாக வந்து சேராது. பொதுத்தாள் இல்லையென்றால் பெரும்பாலான மாணவர்கள் இதைக் கேள்விப்படாமலே பட்டம் வாங்கிவிடுவார்கள்.

ஆனால் நம் ஊரில் தாள் என்றால் தேர்வு. 'ஏ.ஐ.யின் நன்மை தீமைகளை விவரி' என்று பத்து மார்க் கேள்வி வரும், அதற்கு ஒரு கைடும் வரும். கென்யத் தொழிலாளர்கள் மனப்பாட வரியாகிவிடுவார்கள். எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான்.

துறைக்குள் நடத்தினால் விஷயம் உறைக்கிறது. நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனுத் தாக்கல் செய்தார்கள். 2023 ஜூனில் கூட்டாட்சி நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. சட்ட மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? காட்சித் தொடர்பியல் வகுப்பில் ஏ.ஆர்.ரஹ்மானை எடுக்கலாம். மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை 2024-ல் ஏ.ஐ. வழியாகப் பயன்படுத்தியபோது குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக அவர் சொன்னார். குடும்பம் தரும் அனுமதி பாடகர் தரும் அனுமதி ஆகுமா? ஒரு மணி நேரம் போதாது இதற்கு. தமிழ்த் துறையில் ஒரு குறுந்தொகைப் பாட்டுக்கு ஏ.ஐ.யிடம் உரை கேட்டு, உ.வே.சா. பதிப்போடு வரிவரியாக ஒப்பிடச் சொல்லலாம். திணையும் கூற்றும் எங்கே பிசகின என்று கண்டுபிடிக்கும் மாணவர் பாட்டையும் கற்கிறார், கருவியையும் கற்கிறார்.

இதன் சுமை முழுக்க ஆசிரியர் தலையில் விழும். அவருக்கே விஷயம் தெரியாவிட்டால், ஏ.ஐ. எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருளிடம் சரணடைவார். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் தானே வெளியிட்ட அத்தகைய கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் சொந்தமாக எழுதியதையே இக்கருவிகள் அதிகமாகச் சந்தேகிப்பதாக ஸ்டான்ஃபோர்டு ஆய்வொன்று காட்டியது. தமிழ்வழியில் படித்துவந்த பிள்ளை முட்டிமோதி எழுதிய ஆங்கிலக் கட்டுரைக்குக் களவுப் பட்டம் கட்டுவது பெரும் அநியாயம்.

அப்படியிருந்தும் நான் துறை வழியையே தேர்வேன். பல்கலைக்கழகம் வகுத்த பாடத்திட்டத்தை மாற்ற முடியாத இணைவுக் கல்லூரியிலும் இன்டர்னல் மார்க் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது. செமஸ்டருக்கு ஒரே ஒரு அசைன்மென்ட் போதும்: ஏ.ஐ. தந்த பதில், அதில் மாணவர் செய்த திருத்தம், திருத்தத்துக்கு ஆதாரமான நூல் பக்கம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து, ஐந்து நிமிடம் நேரில் விளக்க வேண்டும். அறுபது பேர் வகுப்பென்றால் ஐந்து மணி நேரம் ஆகும். கென்யாவையும் ஹாலிவுட்டையும் அந்த நேர்காணலிலேயே கேட்கலாம். பொதுத்தாள்தான் என்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட தன்னாட்சிக் கல்லூரிகள், அதன் எழுத்துத் தேர்வை எடுத்துவிட்டு இந்த நேர்காணலை வைக்கட்டும்.