பழைய லேண்ட்குரூசர்: டீசலா, பெட்ரோலா?

மூன்று வருடங்களுக்கு முன் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பழைய ஃபோர்வீல் டிரைவ் தேடியபோது, கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. இரண்டுமே தொண்ணூறுகளின் நடுவில் வந்த டொயோட்டா 80 சீரிஸ் லேண்ட்குரூசர். ஒன்றில் டர்போ இல்லாத 4.2 லிட்டர் 1எச்இசட் டீசல், மற்றதில் 4.5 லிட்டர் 1எஃப்இசட் பெட்ரோல். டீசலை நான் எடுத்தேன். பெட்ரோல் வண்டியை என் நண்பர் எடுத்துக்கொண்டார். அதனால் ஒரே பாதையில், ஒரே வாரத்தில், ஏறக்குறைய ஒரே சுமையோடு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

பெட்ரோலுக்கு என்னென்ன நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். வண்டி விலை குறைவு, சத்தம் குறைவு, இழுவை அதிகம். ஐம்பது மீட்டர் நீளமுள்ள ரோடு டிரெயினை (பல டிரெய்லர்களை இழுக்கும் லாரி) தாண்ட வேண்டுமென்றால் நண்பர் மிதித்தார், போனார். நான் நேரான பாதை வரும்வரை பின்னாலேயே போக வேண்டியிருந்தது. அவர் எஞ்சினில் வால்வுகளை இயக்குவது டைமிங் செயின். என் எஞ்சினில் பெல்ட், 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

பணக் கணக்கும் பெட்ரோல் பக்கம்தான் சாய்கிறது. தார்ச்சாலையில் முழுச் சுமையோடு 90 கிலோமீட்டர் வேகத்தில் என் வண்டி 100 கிலோமீட்டருக்கு 13 லிட்டர் குடிக்கிறது, நண்பருடையது 18. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டரும் ஐந்தரையும். வருடம் 8,000 கிலோமீட்டர் ஓடினால் வித்தியாசம் 400 லிட்டர். லிட்டர் இரண்டு டாலர் என்று வைத்துக்கொண்டால் 800 டாலர். டீசலுக்கு நான் கூடுதலாகக் கொடுத்தது 6,000. அது திரும்பி வர ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். மைலேஜை வெறும் செலவாகப் பார்ப்பவர் பெட்ரோலை வாங்குவதில் தவறே இல்லை.

ஆனால் உள்நாட்டுப் பாலைவனத்தில் மைலேஜ் என்பது செலவுக் கணக்கு அல்ல. அடுத்த பம்ப் வரை எத்தனை லிட்டரைச் சுமக்க வேண்டும் என்பதுதான் அங்கே கேள்வி.

சிம்ப்சன் பாலைவனத்தில் அது நன்றாகத் தெரிந்தது. மேற்கே மவுண்ட் டேரில் எரிபொருள் போட்டால் அடுத்தது கிழக்கே பேர்ட்ஸ்வில்லில்தான். நடுவே சுமார் 500 கிலோமீட்டர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணல்மேடுகள். மேற்கிலிருந்து கிழக்கே போவது கொஞ்சம் சுலபம், ஏனென்றால் மேடுகளின் மேற்குச் சரிவு மென்மையானது, கிழக்குச் சரிவுதான் செங்குத்து. அப்படிச் சுலபமான திசையில் போயும், டயர் காற்றை 16 பிஎஸ்ஐக்கு இறக்கியும், என் டீசல் 19 லிட்டருக்கு ஏறியது. பெட்ரோல் 27க்குப் போய்விட்டது. சாலையில் ஐந்து லிட்டராக இருந்த இடைவெளி மணலில் எட்டாகிவிட்டது.

500 கிலோமீட்டருக்கு எனக்கு 95 லிட்டர், அவருக்கு 135. வழி தவறினால், ஒரு மேட்டில் நாலு தடவை முயன்றால், மாட்டிக்கொண்டவருக்கு உதவத் திரும்பி வந்தால் என்று கால் பங்கு கையிருப்பு சேர்த்தால் 119, 169. இரண்டு வண்டியிலும் டேங்க் 95 லிட்டர், துணை டேங்க் கிடையாது. ஆக எனக்கு இரண்டு 20 லிட்டர் ஜெர்ரி கேன் போதும். அவருக்கு நான்கு.

நான்கு கேன் என்பது எடையில் ஏறக்குறைய 80 கிலோ. அதைவிடப் பெரிய தலைவலி, எங்கே வைப்பது என்பது. பெட்ரோல் ஆவி பனிக்குளிரிலும் பற்றிக்கொள்ளக்கூடியது. அதை மனிதர்கள் உட்காரும் இடத்தோடு சேர்த்து அடைத்துவைக்கவே கூடாது. கூரையில் வைத்தால் வண்டியின் பாரம் மேலே ஏறி, சாய்வான மேடுகளில் ஆட்டம் கொடுக்கிறது. நண்பர் கூரையில்தான் வைத்தார். நாள் முழுக்க வெயிலிலும் குலுக்கலிலும் இருந்த கேன்கள் சாயங்காலம் உப்பிப்போயிருக்கும். காற்றை மெல்லத் திறந்துவிட்டு, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, அப்புறம்தான் ஊற்ற முடிந்தது. டீசலும் எரிபொருள்தான், கவனம் வேண்டும். ஆனால் அதன் ஆவி பற்றிக்கொள்ள 60 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். என் இரண்டு கேன்களும் பின்கதவுக்கு வெளியே தாங்கியில் இருந்தன, அவற்றை நினைத்து நான் ஒரு இரவும் கவலைப்படவில்லை.

மணலில் இடைவெளி இப்படி விரிவதற்குக் காரணம் உண்டு. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட பத்து சதவீதத்துக்கும் மேல் ஆற்றல் அதிகம். அதோடு டீசல் எஞ்சினில் காற்றை அடைக்கும் திராட்டில் கிடையாது, தேவைக்கேற்ப எரிபொருள் மட்டும் கூடிக் குறைகிறது. லோ ரேஞ்சில் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர் நிலை) இரண்டாவது கியரில் எஞ்சின் சுற்று ஏறாமலே மேட்டை இழுத்துவிடும். பெட்ரோல் எஞ்சின் அதே மேட்டுக்குச் சுற்றை ஏற்ற வேண்டும். பாரம் கூடக்கூட கலவையில் பெட்ரோலின் பங்கும் கூடுகிறது.

கிடைப்பதிலும் டீசலுக்கே நிம்மதி. பண்ணைகளின் ஜெனரேட்டர், லாரி, கிரேடர் எல்லாமே டீசலில் ஓடுவதால், எவ்வளவு சின்ன ரோட்ஹவுஸிலும் (வழியோர பம்பும் கடையும்) அது தீர்ந்துபோவது அபூர்வம். பழங்குடி மக்கள் வாழும் பல ஊர்களில் சாதாரண பெட்ரோலுக்குப் பதிலாக, முகர்ந்தால் போதை தரும் வேதிப்பொருள்கள் குறைந்த ஓப்பல் போன்ற பெட்ரோல்தான் விற்கிறார்கள். மக்கள் பெட்ரோலை முகர்ந்து உடல் கெடுவதைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. எஞ்சினுக்கு ஒரு தீங்கும் இல்லை. கேஸ் (எல்பிஜி) மாட்டிய பழைய பெட்ரோல் வண்டி மலிவாகக் கிடைத்தால் அவசரப்படாமல் யோசியுங்கள். துணை டேங்க் வைக்கும் இடத்தை கேஸ் உருளை பிடித்துக்கொள்ளும், வடக்கே போனால் அதை நிரப்ப இடம் கிடைப்பதும் கஷ்டம்.

மற்ற வண்டிகளைப் பற்றி என் அனுபவம் குறைவு. நிஸான் பேட்ரோல் ஜியூ 4.2 டீசலை போர்ட் அகஸ்டாவிலிருந்து கூபர் பெடி வரை, 540 கிலோமீட்டர், ஒரே ஒருமுறை ஓட்டினேன். முன்சக்கர ஹப்பின் பூட்டைத் திறந்துவிட முடிவதால் சாலையில் முன் அச்சு சும்மா சுழல்வதில்லை. எங்கள் இரண்டு 80 சீரிஸிலும் நான்கு சக்கரமும் எப்போதும் இயங்கும். அப்படியும் அந்த நிஸான் எனக்கு 13ஐ ஒட்டியே காட்டியது. மணலில் எப்படி என்று அந்த ஒரு பயணத்தை வைத்து நான் சொல்லக்கூடாது. 2000க்குப் பின் வந்த 3.2 டீசல் பஜெரோவோ சாலையில் 11க்குள் முடித்துவிடுகிறது. ஊட்னடாட்டா டிராக், பேர்ட்ஸ்வில் டிராக் போன்ற மண்சாலைகள் மட்டும் போதும் என்பவர்களுக்கு என் வண்டியைவிட அதுதான் சிக்கனம்.

யார் சொல்லும் கணக்கைக் கேட்டாலும் (என்னுடையதையும் சேர்த்து) டயர் அளவை விசாரியுங்கள். 275/70 ஆர்16க்குப் பதில் 285/75 போட்டால் சுற்றளவு ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 105 போயிருக்கும், மைலேஜ் உண்மையைவிட மோசமாகத் தெரியும். நான் ஜிபிஎஸ் தூரத்தைத்தான் எழுதிவைக்கிறேன். வேகத்தையும் கேளுங்கள். 90லிருந்து 110க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்காகிறது. கூரையில் பெட்டி இருந்தால் டர்போ இல்லாத என் எஞ்சின் அந்த வேகத்தில் 16ஐத் தொட்டுவிடும்.

நண்பர் வண்டியை விற்கவில்லை. அடியில் ஒரு நீண்டதூர டேங்கைப் பொருத்திவிட்டார், 80 லிட்டர் கூடுதல். கூரை காலியாகிவிட்டது. அடுத்த ஜூலையில் மறுபடி போகிறோம், இந்தமுறை பேர்ட்ஸ்வில்லிலிருந்து மேற்கே, செங்குத்தான பக்கத்தில் ஏறி. 100 கிலோமீட்டருக்கு 22 லிட்டர் என்று வைத்து நான் மூன்றாவது கேன் ஒன்று வாங்கிவிட்டேன்.