சுபாரு லெகசி, டொயோட்டா கால்டினா, டொயோட்டா பீல்டர்: திருகோணமலையில ஓடித் தேஞ்ச வேக வேகன் வாங்கிறதெண்டா எது?

முதல்ல ஒண்டைச் சொல்லிப்போடுறன், இது புத்தியோட செய்யிற வேலை இல்ல. இதே காசுக்கு ஒழுங்கான டொயோட்டா அக்ஸியோ கார் ஒண்டு எடுத்தா ஒயில் மாத்திறதைத் தவிர வேற ஒண்டுக்கும் கராஜ் பக்கம் போகத் தேவையில்ல. ஆனா வேகன் விசர் பிடிச்சவனுக்கு அக்ஸியோ காட்டி என்ன பிரயோசனம்? டிக்கிக்குள்ள ரெண்டு ரிஜிபோம் பெட்டி, பிள்ளையள்ட சைக்கிள், நிலாவெளிக்குப் போற சட்டி பானை எல்லாத்தையும் போட்டுக்கொண்டு, கந்தளாய் தாண்டி ஹபரணை ரோட்டில முன்னால ஊருற லொறிய ஒரே மிதியில முந்திப் போற வண்டி வேணும் அவனுக்கு. சட்டப்படி அந்த ரோட்டில காருக்கு 70 தான், அதுக்கு எதுக்கு 260 குதிரை எண்டு கேட்டா பதில் இல்ல, அதைக் கேக்காதீங்க.

இந்த வகை வண்டி இனி நாட்டுக்குள்ள வராது. 2020 மார்ச்சில நிப்பாட்டின இறக்குமதிய 2025 பெப்ரவரியில திரும்ப விட்டாங்கதான், ஆனா வயசுக் கட்டுப்பாடு இருக்கிறதால 2003, 2005 வண்டியள் இனி கப்பலால இறங்கச் சரிவராது, இருக்கிறதுகள்தான் கை மாறிக் கை மாறித் திரியுது. அதால விலையும் இறங்கல, மைலேஜும் ஏறிக்கொண்டே போகுது, ஒன்றரை லட்சம் ரெண்டு லட்சம் எண்டு மீட்டர் காட்டினா அதுதான் சாதாரணம். இருவது வருச வண்டி 80 ஆயிரம் காட்டினாத்தான் நான் பயப்படுவன். ஒண்டில் மீட்டரைச் சுத்தி இருப்பாங்க, இல்லாட்டி வண்டி உண்மையாவே நிண்டிருக்கும். நிண்ட வண்டி ஓடின வண்டிய விட மோசம். 2022ல காருக்கு கிழமைக்கு 20 லீட்டர் எண்டு பெற்றோல் பங்கீட்டுக் கியூஆர் வந்த நேரம் இந்த மாதிரி பெற்றோல் குடிக்கிற வண்டியளத்தான் முதல்ல மூடிக்கட்டி வச்சாங்க, அப்பிடி மாசக்கணக்கா நிண்டதில ஒயில் சீல் காஞ்சு போயிருக்கும், டேங்க் அடியில துரு, டயர் ஒரு பக்கம் சப்பி, ப்ரேக் கலிப்பர் இறுகி. வெளியால பாத்தா பளபளப்பா இருக்கும்.

சீனக்குடாப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் பாஸ் ஒருத்தர் இருக்கிறார், அவர் மீட்டரையே பாக்கமாட்டார். "தம்பி, இது ஓடி ஓடிப் பழுதாகிற சாமான் இல்ல, ஒயில் மாத்தாமப் பழுதாகிற சாமான்" எண்டுவார். சரிதான். 1989ல அரிசோனாவில லெகசி செடான் ஒண்டு சராசரி 223 கிலோமீட்டர் வேகத்தில ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி உலக சாதனை வச்சது, பராமரிப்பு இருந்தா மைலேஜ் ஒண்டும் செய்யாது.

அந்த லெகசியில இருந்தே தொடங்குவம், கேக்கிற ஆக்கள்ல பாதிப் பேர் இதைத்தான் கேக்கிறாங்க. பிபி5 எண்டு சொல்லுற 2003ல வந்த மொடல், ஜப்பான்ல அந்த வருசக் கார் விருது எடுத்தது. ரெண்டு லீட்டர் பொக்ஸர் டர்போ, மெனுவல்ல 280 குதிரை, ஓட்டோவில 260, நாலு சக்கரத்துக்கும் இழுவை. என்ஜின் படுத்த மாதிரி இருக்கிறதால கனம் எல்லாம் கீழ, கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர்ப் பக்கம் போகேக்க ஸ்டியரிங்கத் திருப்பினா பின்பக்கம் தனியா ஆடாம முழு வண்டியும் ஒண்டா வரும், இவ்வளவு நீள வண்டி இப்பிடித் திரும்புமா எண்டு இருக்கும். இந்த மூண்டில ஓட்டச் சுகமானது இதுதான், அதில எனக்குச் சந்தேகமே இல்ல.

செலவும் இதிலதான். சுபாரு எண்டாலே ஹெட் காஸ்கெட் போகும் எண்டு ஆளுக்காள் சொல்லுவாங்க, அந்தப் பெயர் பெரும்பாலும் டர்போ இல்லாத 2.5 என்ஜினால வந்தது, ரெண்டு லீட்டர் டர்போவுக்கு அந்தளவு இல்ல. இதில பாக்க வேண்டியது வேற இடம். டர்போவுக்கு ஒயில் போற குழாய என்ஜினோட பூட்டுற போல்ட்டுக்குள்ள சுண்டுவிரல் நகம் அளவு கூட இல்லாத ஒரு சின்ன வலை இருக்கு. ஒயில் நேரத்துக்கு மாத்தாத வண்டியில கறுப்புக் கசடு வந்து அதை அடைச்சிடும், டர்போவுக்கு ஒயில் போகாது, நிமிசத்துக்கு லட்சத்துக்கு மேல சுத்திற சாமான் வறண்டு சுத்தினா என்ன நடக்கும்? தண்டு தேஞ்சு ஆடத் தொடங்கும், பிறகு தூள் போய் ஒயில் சட்டிக்குள்ள விழும், அங்கயிருந்து பெயரிங், கதை முடிஞ்சுது. வாங்க முதல் இன்டேக் குழாயக் கழட்டி டர்போ தண்ட விரலால பிடிச்சு ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டுக்கு மயிரளவு அசைவு இருக்கலாம், முன்னுக்குப் பின்னுக்கு அசைஞ்சா விலை பேசாமத் திரும்பி வந்திடுங்க. விக்கிறவர் கழட்ட விடமாட்டன் எண்டாலும் அப்பிடியே திரும்பி வந்திடுங்க.

அடுத்தது டைமிங் பெல்ட். ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தவேணும், அறுந்தா வால்வும் பிஸ்டனும் மோதும். மீட்டர் 1,90,000 எண்டா முதலாவது பெல்ட் மாத்தின பில் எங்க எண்டு கேளுங்க, ரெண்டாவது உங்கட காசிலதான், அதை விலையில கழியுங்க. பிளக் மாத்திறதும் கூட இதில சின்ன வேலை இல்ல, நாலு பிளக்கும் சேசிஸ் பக்கம் பாத்துக்கொண்டு இருக்கிறதால ஒரு பக்கம் பற்றியக் கழட்டு, மற்றப் பக்கம் எயார் ஃபில்டர் பெட்டியக் கழட்டு, பிறகு கை நுழையாத இடத்தில ரட்செட்டை அரை இஞ்சி அரை இஞ்சியாத் திருப்பு. இதுக்குப் பொறுமை உள்ள பாஸ் திருகோணமலையில கிடைக்கிறது கஷ்டம். கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் இல்லாததால ரப்பர் இறுகினா மாரியில உள்ளுக்கு ஒழுகும், வாங்க முதல் ஹோஸ் பைப்பால தண்ணி அடிச்சுப் பாருங்க.

இதுக்கு முந்தின பிஎச்5 மலிவா வரும். அதில ரெண்டு டர்போ, சின்னது முதல்ல பெரியது பிறகு, மாறுற இடத்தில நாலாயிரத்து ஐந்நூறு சுத்துக்குக் கிட்ட ஒருக்கா இழுவை செத்துத் திரும்ப வரும். அது பழகலாம், ஆனா அந்த மாற்றத்தைச் செய்யிற வக்யூம் குழாயள் இருக்கே, இத்தனை வருசத்தில எல்லாம் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். எனக்கு வேண்டாம்.

கால்டினா ஜிடி-ஃபோர். 2002ல இருந்து 2007 வரை வந்தது, உள்ளுக்க 3எஸ்-ஜிடிஇ, செலிகா ஜிடி-ஃபோர்லயும் எம்ஆர்2விலயும் இருந்த அதே குடும்பம், 260 குதிரை. பார்வைக்கு அழகெண்டு சொல்லமாட்டன், முன்பக்கம் பாத்தா ஏதோ கோபத்தில இருக்கிற மாதிரி, ஆனா பொனட்டைத் திறந்தா டொயோட்டா கை வச்ச பாஸ் எவரும் மிரளமாட்டார். வார்ப்பிரும்புப் பிளொக், தடிப்பானது, சூட்டையும் அடியையும் தாங்கும். பார்ட்ஸ் கொழும்புப் பஞ்சிகாவத்தையில தேடலாம், போன் அடிச்சா இரவு பஸ்ஸில ஏத்தி விடுவாங்க. டர்போவும் எக்ஸோஸ்ட் மனிஃபோல்டும் சேந்த ஒரே வார்ப்பு எண்டபடியா அதில வெடிப்பு விழுறதுண்டு, குளிர் என்ஜின ஸ்டார்ட் பண்ணேக்க டிக் டிக் எண்டு சத்தம் வந்து சூடானதும் குறைஞ்சா அங்கதான் பாக்கவேணும்.

குறை எண்டா கியர்பொக்ஸ். நாலு கியர் ஓட்டோ மட்டும்தான், மெனுவல் இந்த மொடல்ல இல்ல. ரெண்டாவதுக்கும் மூண்டாவதுக்கும் இடையில விழுற பள்ளத்தில என்ஜின் மூச்சு வாங்கும், மெனுவல் ஆசை உள்ளவன் இதுக்கு முந்தின 1997 - 2002 கால்டினா ஜிடி-டி தேடவேணும், அது இன்னும் பழசு. லெகசி ஓட்டிப்போட்டு இதில ஏறினா கொஞ்சம் லொறி குணம் தெரியும். ஆனா வீட்டுக்குத் திரும்பி வந்து சேருமா எண்டு யோசிக்காம ஓட்டலாம், இந்த வயசு வண்டியில அது பெரிய விசயம்.

பீல்டர் இசட் ஏரோடுவரர ஆக்கள் மறந்திட்டாங்க. பார்வைக்கு 121 கொரோலாவின்ட வேகன், உள்ளுக்க யமஹாவோட சேந்து செய்த 1.8 லீட்டர் 2இசட்இசட்-ஜிஇ, டர்போ இல்லாம 190 குதிரை, 6 கியர் மெனுவல். லோட்டஸ் எலீஸ்ல பூட்டினதும் இதே என்ஜின்தான். ஆறாயிரம் சுத்து மட்டும் சாதுவா கடைக்குப் போற வண்டி, ஆறாயிரத்துக்கு மேல கேம் மாறும், அதுக்குப் பிறகு வாற சத்தத்துக்காகவே ஆக்கள் வாங்குறாங்க. கனமும் குறைவு, 1200 கிலோவுக்குக் கிட்ட, லெகசி கால்டினாவ விட மூண்டு நாலு ஆள் இறங்கின மாதிரி. சஸ்பென்ஷன் சாமான் நிறைய 121க்குப் போடுறதுதான், டைமிங் பெல்ட்டும் இல்ல, செயின். பாக்க வேண்டியது லிஃப்ட் போல்ட், அந்தக் கேம் மாறுறதுக்குத் தேவையான போல்ட். முந்தின வருச வண்டியளில அது தேஞ்சு உடைஞ்சு போறது தெரிஞ்ச வருத்தம், பிறகு டொயோட்டா போல்ட்டை மாத்திச் செய்தது. ஓட்டிப் பாக்கேக்க ஆறாயிரம் தாண்டியும் இழுவை மாறாம அப்பிடியே போனா போல்ட் போயிட்டுது எண்டு எடுங்க, வால்வ் கவரக் கழட்டினாச் செய்யலாம், பெரிய செலவில்ல, ஆனா அதைச் சொல்லி விலையக் குறைக்கலாம். முன்சக்கர இழுவை மட்டும்தான், மழையில முதல் கியர்ல மிதிச்சா டயர் சுத்தும்.

மிட்சுபிஷி லெக்னம் விஆர்-4 ஒண்டு விளம்பரத்தில கண்டா மனசு ஆடும், 2.5 வி6, ரெண்டு டர்போ, 280 குதிரை. பின்பக்க பிளக்குக்கே மேல் மனிஃபோல்ட் கழட்டவேணும், பின் டிஃபரன்ஷியல்ல ரெண்டு சில்லுக்கும் இழுவையப் பிரிச்சு விடுற ஏவைசியின்ட பம்ப் போனா இங்க யார் பாக்கிறது? படத்தைப் பாத்திட்டுப் போங்க. வொல்வோ டி5ம் அதே கதைதான், சீட்ல இருந்தா எழும்ப மனம் வராது, பார்ட்ஸ் எண்டா கொழும்பும் வெளிநாடும்.

பெற்றோல் விசயம் மூண்டுக்கும் பொது, இதைத்தான் கனபேர் வாங்கின பிறகு யோசிக்கிறது. மூண்டும் ஜப்பான்ல 100க்குக் கிட்ட ஒக்டேன் போட்டு ஓடச் செய்தது. இங்க வழமையாக் கிடைக்கிறதில கூடினது 95, அதுவும் எல்லா ஷெட்லயும் இல்ல. வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கி 99 நிக்கிற ஊர்ல இருந்துகொண்டு 95 தேடி அலையிறது எங்கட தலைவிதி. 92 அடிச்சா உடன செத்துப்போகாது, கம்பியூட்டர் டைமிங்கப் பின்னுக்கு இழுத்து இழுவையக் குறைச்சுச் சமாளிக்கும், ஆனா பின்னேர வெயில்ல ஆள் ஏத்திக்கொண்டு ஏத்தத்தில டர்போவ மிதிச்சா நாக் எண்டுற என்ஜின் தட்டல் விழும், அது பிஸ்டன் ரிங் இருக்கிற விளிம்ப உடைக்கும். பீல்டருக்கும் கொம்ப்ரஷன் 11.5, டர்போ இல்லாட்டியும் 95 தான். இடையில 92 அடிக்க வேண்டி வந்தா டர்போ இல்லாத வண்டி கொஞ்சம் மன்னிக்கும், லெகசி மன்னிக்காது.

அடுத்தது உப்பு. மூண்டு பக்கமும் கடல், உப்புவெளிப் பக்கம் ரோட்டோரமா நிப்பாட்டின வண்டியில எக்ஸோஸ்ட் கிளாம்ப் ரெண்டு மாரிக்கு மேல தாங்காது. வேகன்ல விசேசமாப் பாக்க வேண்டியது டிக்கிக் கதவின்ட கீழ் விளிம்பு, ஸ்டெப்னி கிடக்கிற பள்ளம், பின் சில்லு வளைவு. ஸ்டெப்னியத் தூக்கிப்போட்டு காப்பெற்றுக்குக் கீழ மணந்து பாருங்க, மீன் பெட்டி ஏத்தின வண்டி எண்டா உப்புத் தண்ணி உருகி ஊத்தி அங்கதான் தங்கி இருக்கும், எத்தினை வாசனைப் போத்தல் தூக்கினாலும் அந்த மணம் போகாது. காந்தம் ஒண்டு கொண்டு போங்க, பின் வளைவில ஒட்டாட்டி உள்ளுக்க புட்டி. டிங்கர் வேலை வடிவா இருக்கும், துரு உள்ளுக்க தன்ட வேலையச் செய்துகொண்டிருக்கும்.

ஓட்டிப் பாக்கிறதெண்டா விடியக்காலமை போங்க, நீங்க போக முதலே என்ஜின் சூடா இருந்தா ஏன் எண்டு கேளுங்க. நீலப் புகை எண்டா ஒயில், சூடான பிறகும் வெள்ளப் புகை நிக்காட்டி கூலன்ட். லெகசி, கால்டினா ரெண்டுக்கும் வெறும் காணியில ஸ்டியரிங்க முழுசாத் திருப்பி மெதுவா வட்டம் அடியுங்க, இழுத்துப் பிடிச்சுத் துள்ளினா நடு டிஃபரன்ஷியல் பக்கம் கோளாறு. நாலு டயரும் நாலு பிராண்டா இருந்தா அதுக்குக் காரணம் கண்ணுக்கு முன்னாலயே இருக்கு.

என்ட முடிவு இப்பிடி. ஒரே வண்டிதான் வீட்டில, வேலைக்கும் அதிலதான் போகவேணும், மெனுவலுக்கு ஆசை எண்டா பீல்டர். குடும்பத்தோட மாசாமாசம் கொழும்புக்கு 260 கிலோமீட்டர் போய்த் திரும்பி வாறவருக்கு கால்டினா, ஹபரணைக் காட்டுக்குள்ள இரவு யானை நிக்கிற இடத்தில நிண்டு போகாத வண்டி வேணும். லெகசி வேற வண்டி ஒண்டு வச்சிருக்கிற, கையில ஸ்பானர் பிடிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு. நான் எடுக்கிறதெண்டா லெகசிதான் எடுப்பன், ஆனா என்னட்டக் கேக்கிறவருக்கு கால்டினா எண்டுதான் சொல்லுவன்.

எதை எடுத்தாலும் வண்டியின்ட பதிவுப் புக்கைக் கையில வச்சுக்கொண்டு என்ஜின் நம்பரப் பாருங்க. இந்த வண்டியளில என்ஜின் மாத்தினது நிறைய, மாத்தினது பிழையில்ல, புக்கில ஏத்தாம விட்டதுதான் பிழை. ஓப்பன் பேப்பர்ல, அதாவது பேர் மாத்தாம, நாலு கை மாறி வந்தது எண்டா பதிவில இருக்கிற ஓனர் ஆளை நேரில காணாம அட்வான்ஸ் குடுக்காதீங்க, லீசிங் முடிஞ்சுதா எண்டும் அதே நேரம் பாத்துக்கொள்ளுங்க.