டக்ஸ்ஃபோர்டில் ஸ்பிட்ஃபயரைப் படம்பிடிக்க: 100-400 லென்ஸா, 150-600 லென்ஸா?

கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்திலுள்ள டக்ஸ்ஃபோர்டு விமானக் காட்சிக்கு எந்த லென்ஸைத் தூக்கிக்கொண்டு போவது என்று ஒரு கோடை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரு பக்கம் கேனன் 100-400 (இரண்டாம் பதிப்பு), இன்னொரு பக்கம் சிக்மா 150-600 கன்டெம்பரரி. எண்கள் மில்லிமீட்டரில் குவியத் தூரம்; எண் ஏற ஏற, தூரத்து விமானம் படத்தில் பெரிதாக விழும். சிக்மாவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்தேன். கடைசியில் வாங்கியது செகண்ட் ஹேண்ட் 100-400. அதனால் நடுநிலையான தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

விலையிலும் எட்டும் தூரத்திலும் சிக்மாதான் முன்னே. 2015-இல் இங்கிலாந்தின் ஷோர்ஹம் விமானக் காட்சியில் ஒரு ஹன்டர் ஜெட் சாலையில் விழுந்து 11 பேர் இறந்தபின், காட்சி விமானங்கள் கூட்டத்தைவிட்டு இன்னும் தள்ளிப் பறக்க வேண்டும் என்று பிரிட்டனில் விதிகள் இறுகின. 600 இல்லாமல் முடியாது என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆனால் என்னைத் தீர்மானிக்க வைத்தது தூரம் இல்லை, விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறி.

ஜெட் என்றால் ஷட்டரை 1/2000 நொடியில் வைத்துச் சுட்டுத் தள்ளலாம். இரண்டாம் உலகப் போர்க்கால விசிறி விமானமான ஸ்பிட்ஃபயரை அப்படி எடுத்தால் விசிறி உறைந்து நிற்கும். நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மைதான். அதன் மெர்லின் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். நடுவிலுள்ள கியர் அந்த வேகத்தைப் பாதியைவிடக் குறைவாக்கி விசிறிக்குக் கொடுக்கும். நொடிக்குச் சுமார் 16 சுற்று. 1/1000-இல் விசிறி 6 டிகிரிகூட நகராது. 1/250-இல் 23 டிகிரி. 1/125-க்கு இறங்கினால் 46. அப்போதுதான் அது வட்டமாகக் கரையத் தொடங்கும்.

அந்த வேகத்தில் 600-ஐக் கையில் பிடித்துக்கொண்டு, பறக்கும் விமானத்தோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பிப் பாருங்கள், தெரியும். கேனன் 1,570 கிராம், சிக்மா 1,930. வெறும் 360 கிராம்தானே என்றுதான் நானும் நினைத்தேன். காலையில் வித்தியாசமே தெரியவில்லை. மூன்று மணிக்கு இடது தோள் கெஞ்ச ஆரம்பித்தது. ஜூமை முழுக்க நீட்டினால் கனமும் முன்பக்கம் போய்விடும். கை நடுக்கத்தை 400-ஐவிட ஒன்றரை மடங்கு பெரிதாக்கியும் காட்டும். மதியத்துக்கு மேல் 1/125-இல் எடுத்தவற்றில் தேறியவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். இப்போது 100-400-ஐ 300 பக்கம் வைத்து எடுத்து, மிச்சத்தைக் கணினியில் வெட்டிக்கொள்கிறேன்.

சரி, ஒரே நாள் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். பழகிய கைகள் சிக்மாவில் இன்னும் நன்றாகவே எடுக்கலாம். 2,860 கிராம் எடையுள்ள அதன் அண்ணனான 150-600 ஸ்போர்ட்ஸை நான் தொட்டதுகூட இல்லை, தொடும் ஆசையும் இல்லை. வெயில் ஏறினால் ஓடுபாதைக்கு மேல் காற்று அலையடிக்கும்; அதற்கு இரண்டு லென்ஸிலும் மருந்து கிடையாது. டக்ஸ்ஃபோர்டில் கூட்டம் தெற்கு பார்த்து நிற்பதால், முக்கால்வாசி நாள் சூரியனும் எதிரேதான்.

இன்னொன்று: விமானங்களை நிறுத்தி வைத்திருக்கும் வரிசையில் நடக்கும்போது கேனனுக்கு ஒரு மீட்டருக்குள்ளேயே ஃபோகஸ் கிடைத்துவிடுகிறது. சிக்மாவுக்கு 2.8 மீட்டர் வேண்டும். அன்றைக்கு ஒரு ஹரிக்கேன் போர் விமானத்தின் புகைக்குழாய்க் கறையை எடுக்கப் பார்த்தேன். பின்னால் நகர இடமே இல்லை. போனில்தான் எடுத்தேன்.