மடுவத்து டிஜிட்டல் தராசு: நாலு வருஷம் கொழுந்து நிறுத்த அனுபவம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மடுவத்துக்கு, அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு, டிஜிட்டல் தராசு 2021இல் வந்தது. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் கொழுந்து பறிக்கிறவள் நான். காலை, பகல், அந்தி என்று நாளைக்கு மூன்று தடவை அதன் முன்னால் நிற்கிறேன்.

முதலில் நல்லது. பழைய வட்டத் தராசில் முள் ஆடி அடங்குவதற்குள் கணக்கப்பிள்ளை எழுதிவிடுவார். அரைக் கிலோ, முக்கால் கிலோ எல்லாம் காற்றோடு போகும். இதில் 6.4 என்றால் 6.4தான். சாக்கு ஆடும்போது சிவப்பு இலக்கம் கொஞ்சம் துள்ளும், பொறுத்தால் நின்றுவிடும். அடைமழையில் இரண்டு தடவை பழுதானது, அவ்வளவுதான்.

குறை என்றால் அதை மாட்டியிருக்கும் விதம். இலக்கம் எழுதுகிறவர் பக்கம் பார்க்கிறது, பறித்தவள் பக்கம் இல்லை. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று வாயாலேயே இரண்டு கிலோ கழித்தார்கள். ஒரு நாள் கேட்டேன்: "ஐயா, வெறுஞ்சாக்கை ஒருக்கா மாட்டிக் காட்டுங்க." நனைந்த சாக்கு 400 கிராம் காட்டியது. மழைக் கொழுந்தில் தண்ணீர் இருக்கும், அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் வெயில் நாளிலும் அதே இரண்டு கிலோவா? அன்றிலிருந்து எங்கள் மலைக்கு, நாங்கள் பறிக்கும் பகுதிக்கு, ஒரு கிலோதான் கழிக்கிறார்கள்.

தராசு காட்டும் கிலோவுக்கு என்ன பெறுமதி என்பதை வேறெங்கோ முடிவு செய்கிறார்கள். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது, 2024 செப்டெம்பரில் 1,350. சம்பளம் கூடினால் பேருக்கு, அதாவது ஒரு முழுநாள் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ என்ற பேச்சும் கூடவே வரும். 2021 மே மாதம் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்தது, நவம்பரில் திருப்பி அனுமதித்தது. ஆனால் செடிக்கு அந்தக் கணக்குத் தெரியாதே, கொழுந்து குறைந்துபோனது. நாள் முழுக்க நிரையில் நின்றும் 18 கிலோ சேராமல் அரைப்பேரோடு, அரைநாள் சம்பளத்தோடு, லயத்து வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். கோதுமை மா விலை ஏறிக்கிடந்த நேரம் அது. ரொட்டியை எண்ணித்தான் சுட்டோம்.

இலக்கம் இரண்டு பக்கமும் தெரியவேண்டும், நிறுத்தவுடன் கையில் ஒரு துண்டு தமிழில் தரவேண்டும். நான் கேட்பது இதுதான். அதுவரை என் மகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் மூன்று நிறுவையையும் நாளும் எழுதுகிறேன். போன மாதம் பத்தாம் திகதி சம்பளத் துண்டில் ஏழு கிலோ குறைந்திருந்தது. கொப்பியைக் கொண்டுபோய் விரித்து வைத்தேன். செக்ரோலோடு, தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டோடு, ஒத்துப் பார்த்தார்கள். இந்த மாதம் அந்த ஏழு கிலோவையும் சேர்த்துத் தந்தார்கள்.