உள்வெப்பத்தை அறிய: தெர்மிஸ்டரா, மின்மறுப்பா?

மின்சார மிதிவண்டிக்காக, 18650 வகை (18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட உருளை) லித்தியம் அயனிக் கலங்களைத் தொடரில் 13, இணையாக 4 என அடுக்கி ஒரு பேட்டரியைக் கட்டியபோது, அதன் உள்வெப்பத்தை எவ்வழியில் கண்காணிப்பது என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. கலத்தைத் துளைத்து ஒளியிழையையோ தெர்மோகப்பிளையோ செருகுவது ஆய்வகத்துக்கு உரியது. கலத்தைக் காற்றுப் படாமல் திறக்க உதவும், ஈரமில்லாத ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டி இல்லாதவர்கள் அதை நினைக்கவே வேண்டாம்.

எஞ்சியவை இரண்டு: வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் சிறு உணரியான தெர்மிஸ்டரைக் கலத்தின் வெளியே ஒட்டுவது, அல்லது மாறுமின்னோட்டத்துக்குக் கலம் காட்டும் எதிர்ப்பான மின்மறுப்பை அளப்பது. இவற்றில் மின்மறுப்பு முறை முதலில் என்னைக் கவர்ந்தது. கலத்துக்குள் சிறிய மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி, மின்னோட்டத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் இடையிலான கட்ட வேறுபாட்டை (ஒன்றின் அலை மற்றதற்கு முந்தியோ பிந்தியோ வரும் அளவை) கொண்டே உள்வெப்பத்தைக் கணிக்கலாம் என ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தினர் 2011-இல் காட்டினர். உணரி எதையும் ஒட்ட வேண்டியதில்லை. வெப்பம் மேற்பரப்புக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

ஆயினும் நான் தெர்மிஸ்டரையே தேர்ந்தெடுத்தேன், காரணம் பராமரிப்பு. கலம் மூப்படையும்போது எதிர்மின்முனையின் மேல் படியும் படலம் தடித்து மின்மறுப்பு மாறிவிடுவதால், புதிதாக இருந்தபோது எடுத்த அளவுத்திருத்த அட்டவணை பிந்தைய ஆண்டுகளில் பொய் சொல்லத் தொடங்கும். அதைப் புதுப்பிக்க வேண்டுமானால் பேட்டரியைக் கழற்றி, வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து, ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில் காத்திருந்து அளக்க வேண்டும். அதோடு, இணையாக உள்ள 4 கலங்களில் ஒன்று மட்டும் சூடேறினால் மற்ற மூன்றின் அளவோடு கலந்து அதன் அறிகுறி மங்கிவிடுகிறது. வெப்பநிலை ஏற ஏற மின்மறுப்பு அடுக்குக்குறி வீதத்தில் குறைவதால், ஆபத்து நெருங்கும் இடத்தில்தான் டிகிரிக்கு உரிய மாற்றம் மிகச் சிறியதாகிறது.

10 கிலோ ஓம் தெர்மிஸ்டரோ சில ரூபாய்தான், பழுதானால் மாற்றிவிடலாம். அதன் குறையும் சிறியதன்று. கலத்துக்குள் சுருட்டி வைத்த மின்முனைகளின் அடுக்குகளைக் கடந்து வெப்பம் மெதுவாகவே வெளியேறுவதால், அது காட்டும் எண் எப்போதும் பின்தங்கியே இருக்கும். ஒட்டாத கலத்தில் நேர்வதும் அதற்குத் தெரியாது. எனவே நடுவில் உள்ள, காற்றுப் படாத கலங்களில் நான்கு தெர்மிஸ்டர்களை ஒட்டினேன். பக்கச் சுவரைவிடக் கலத்தின் அடிப்பகுதியில், வெப்பம் தாங்கும் மின்காப்பு நாடாவான கேப்டன் நாடாவின் மேல் ஒட்டியது என் பேட்டரியில் 2 டிகிரி வரை கூடுதலாகக் காட்டியது. கலங்களை இணைக்கும் நிக்கல் பட்டையின் சொந்தச் சூடும் அதில் சேர்ந்திருக்கலாம்.

கார்களில் உள்ள பெரிய கலங்களில் எனக்கு அனுபவமில்லை. கலங்கள் இணையாக அமையாத இடத்தில் மின்மறுப்பின் பக்கம் தராசு சாயலாம். என் வண்டியில் சார்ஜ் ஏற்றும்போது 45 டிகிரியிலும் ஓட்டத்தில் 55 டிகிரியிலும் மின்சாரம் துண்டிக்கப்படும். ஓட்டத்துக்கு வழக்கமான 60-ஐ வைக்காததற்குக் காரணம், மேடேறும்போது தெர்மிஸ்டர் காணாமல் விடும் அந்தச் சில டிகிரிகள்தாம்.