மைன்கிராஃப்ட்டில் 5 வருடம்: எங்கள் வாவிக்கு மின்மினி வந்து சேரும்வரை

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்ட நாட்களில் தம்பியும் நானும், கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகனும் சேர்ந்து பிளாக் எனும் கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்ட்டில் (ஜாவா பதிப்பு) ஒரு உலகம் தொடங்கினோம். மூவரும் ஒரே உலகத்தில் சேர்ந்து விளையாடும் சேர்வரை நடத்துவது அந்தக் கனடா அண்ணா. நாங்கள் அதில் கட்டிக்கொண்டிருப்பது மட்டக்களப்பு. 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலம் முடிந்துவிட்டது, கோட்டை பாதியில் நிற்கிறது. மீதி நேரமெல்லாம் வாவிக்குத்தான் போனது.

வாவி என்றால் கரையில் கண்டல் நிற்க வேண்டும். அப்போது இந்த விளையாட்டில் கண்டல் மரமே கிடையாது. ஓக் வேலிக் கட்டைகளை வேர் மாதிரித் தண்ணீரில் ஊன்றி, மேலே இலை வைத்து ஒப்பேற்றினோம். அதனால் 2021 ஒக்டோபரில் அடுத்த அப்டேட்டில் கண்டல் சதுப்பு, சேறு, தவளை, மின்மினி எல்லாம் வரும் என்று விளையாட்டைச் செய்யும் மோஜாங் நிறுவனம் அறிவித்தபோது, எங்கள் ஊருக்கென்றே செய்கிறார்கள் போல இருந்தது. அன்றிரவே பாலத்துக்குக் கீழே ஒரு பக்கக் கரையை வெறுமையாக விட்டோம். மின்மினிக்கு அந்த இடம் என்று தம்பி ஒரு பலகையும் நட்டான்.

2022 ஜூன் 7இல் அந்த அப்டேட், 1.19, வந்தது. மின்வெட்டுக் காலம். "மனே, கரண்ட் போகப்போகுது, மூடிட்டு வா" என்று அம்மா கூப்பிடக் கூப்பிட இறக்கினோம். மின்மினி இல்லை. தவளைக்குத் தீனியாக அதை வைக்க நினைத்திருந்தார்கள், சில வகை மின்மினிகள் நிஜத்தில் தவளைக்கு நஞ்சு என்று தெரிந்ததும் எடுத்துவிட்டார்கள். காரணம் சரியானதுதான். ஆனாலும் தவளைக்குக் கொடுக்காமல் வெறுமனே பறக்க விட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்குப் படுகிறது.

தாமதத்தில் எனக்குக் கோபம் வந்ததில்லை. 2020இல் அறிவித்த குகை, மலை அப்டேட்டை இரண்டாகப் பிரித்து 2021 ஜூனிலும் நவம்பரிலும் தந்தார்கள். உலகத்தின் உயரம் 256 பிளாக்கிலிருந்து 384 ஆனது, நாங்கள் கட்டியிருந்த நிலத்துக்கு அடியிலும் புது ஆழம் கிடைத்தது. காத்திருந்ததற்குக் கைநிறையக் கிடைத்தது. அதே 2020இல் காட்டிய பொதிப் பை (பலவகைச் சாமானை ஒன்றாகப் போட்டு வைக்கும் பை) 2024 ஒக்டோபரில்தான் வந்தது, 4 வருடம். அதுகூடப் பரவாயில்லை. காட்டிவிட்டு இல்லை என்பதுதான் வலிக்கிறது, ஏனென்றால் காட்டிய பொருளுக்கு நாங்கள் இடம் ஒதுக்கிவிடுகிறோம்.

இன்னொன்று, பழைய உலகம் வைத்திருப்பவருக்கும் புதிதாகத் தொடங்குபவருக்கும் அப்டேட் ஒன்றல்ல. உலகம் 16க்கு 16 பிளாக் துண்டுகளாக உருவாகிறது. ஒருமுறை கால் வைத்த துண்டு அப்படியே சேமிக்கப்பட்டுவிடும். புதுக் காடும் சதுப்பும் இதுவரை போகாத இடத்தில்தான் முளைக்கும். 1.19 வந்த பிறகும் எங்கள் வாவிக்கரையில் ஒரு கண்டல்கூட இல்லை. தெற்கே நெடுந்தூரம் தோணியில் போய், சதுப்பைக் கண்டுபிடித்து, முளைகளைப் பொறுக்கி வந்து நட்டோம். தண்ணீருக்குள்ளேயே ஊன்றினாலும் அது வளர்கிறது, நம் கண்டல் மாதிரியே. ஓக் வேலிக் கட்டைகளைப் பிடுங்கிய அந்த வாரம்தான் இந்த 5 வருடத்தில் எனக்கு மிகப் பிடித்த வாரம்.

அந்த அப்டேட்டில் நான் தினமும் பயன்படுத்துவது பெட்டி வைத்த தோணி. வார்டன் என்ற பயங்கர அரக்கன் வந்த பரபரப்பில் அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. மண்ணும் மரமும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்க அதைவிட நல்லது வேறில்லை. நெடுநாள் விளையாடுகிறவர்கள் கேட்பது இப்படிப்பட்ட சின்னச் சாமான்களைத்தான்.

காசு விஷயத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒருமுறை வாங்கினோம், அதன்பிறகு வந்த பெரிய அப்டேட் எல்லாமே இலவசம். 2022இல் டொலர் 350 ரூபாயைத் தாண்டியபோது ஒவ்வொன்றுக்கும் காசு கேட்டிருந்தால் எங்கள் உலகம் அத்துடன் நின்றிருக்கும்.

2024இல் போக்கை மாற்றினார்கள். மூன்று புது உயிரினங்களைக் காட்டி, எதைச் சேர்ப்பது என்று விளையாடுபவர்களை வாக்குப் போடச் சொல்லும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, வருடத்துக்குப் பல சிறிய அப்டேட் என்று அறிவித்தார்கள். வாக்கெடுப்பு போனதில் எனக்குச் சந்தோஷம். ஒன்று வென்றால் மற்ற இரண்டும் காட்டிவிட்டு இல்லாமல் போகிறவைதானே.

அப்புறம் 2025 மார்ச் 25இல் 1.21.5 வந்தது. மின்மினிப் புதர்! தவளையோடு சம்பந்தமில்லை, இருட்டினால் புதரைச் சுற்றி மின்மினிகள் பறக்கும், அவ்வளவுதான். 2022இல் நான் ஆசைப்பட்டதும் அதுதான். தம்பி தனது பலகையை எடுத்துவிட்டு அதே இடத்தில் 7 புதர் நட்டான். அண்ணாவுக்கு அங்கே காலை நேரம், வேலைக்குப் போகுமுன் வந்து பாலத்தின் மேல் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

பழைய உலகம் வைத்திருப்பவர்கள் அப்டேட் போடுமுன் கட்டாயம் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். போகாத பக்கம் ஒன்றையும் மிச்சம் வையுங்கள். எங்கள் உலகத்தில் வடக்கே, ஏறாவூர்ப் பக்கம், இன்னும் ஒருவரும் போகவில்லை. அடுத்த அப்டேட்டில் என்ன வந்தாலும் அங்கே முளைக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.